400 ரூபாய் ஃபில்டரா, 40,000 ரூபாய் மெஷினா? செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு காபிக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் காபிச் சாதனம் வாங்கும் பேச்சு எடுத்தால் இரண்டு கட்சி உண்டு. சாமான் அறையில் விலாசம் (குடும்பத்துப் பெயரின் முதலெழுத்துகள்) பொறித்த பித்தளை ஃபில்டர் கிடக்கிறதே, அதைத் துலக்கி எடுத்தால் போதாதா என்பது பெரியவர்கள் கட்சி. எஸ்பிரஸோ மெஷின் ஒன்று வாங்கி அனுப்பிவிடுகிறோம் என்பது சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் கட்சி. நடுவில், பாத்திரக்கடையில் 400 ரூபாய்க்கு அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் ஃபில்டரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இந்த மதிப்புரை பெரும்பாலும் அதன் பக்கம்தான் சாயும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறோம். இதில் வரும் விலைகளெல்லாம் ஏறக்குறையத்தான். கடைக்குக் கடை மாறும்.

நாலு பேர் உள்ள வீடு. காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர், சாயங்காலம் இடைப்பலகாரத்தோடு ஒரு டம்ளர், நாளுக்கு 8. 20 கிராம் பொடியில் 100 மி.லி.யை ஒட்டி டிகாஷன் இறங்கும். அது மூன்று டம்ளருக்குக் காணும். அப்படியானால் நாளுக்கு 53 கிராம், மாதம் 1.6 கிலோ. பொடி கிலோ 800 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,300; வருஷத்துக்கு 15,500 ரூபாய் பொடிக்கே போகிறது. பாலுக்கும் ஏறத்தாழ அதே அளவு. இதன் பக்கத்தில் 400 ரூபாய் ஃபில்டரை வையுங்கள். பத்து வருஷம் உழைத்தால் டம்ளருக்கு ஒன்றரைக் காசுகூட ஆகாது.

சாதனத்தின் விலை பெரிய விஷயமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தப்பான சாதனம் பொடியைத் தின்னும். வீட்டு ஃபில்டர் தேவைக்கு மேல் பெரியது, டிகாஷன் தண்ணியாக இறங்குகிறது, அதைச் சரிக்கட்ட வேளைக்கு ஒரு கரண்டி, அதாவது 7 கிராம், கூடுதலாகப் போடுகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு 14 கிராம், வருஷத்தில் 5 கிலோவுக்கு மேல், 4,000 ரூபாய். அந்தப் பணத்தில் நல்ல ஃபில்டர் எட்டு, பத்து வாங்கலாம்.

ஆகவே முதலில் அளவைப் பார்ப்போம். 'பெரிதாகவே வாங்கிவிடு, விருந்தாளி வந்தால் உதவும்' என்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தப்பு. டிகாஷனின் திடத்தை முடிவு செய்வது மேல் பாத்திரத்தில் பொடி நிற்கும் உயரம். 20 கிராம் பொடியை 5.5 செ.மீ. விட்டமுள்ள மேல் பாத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 2 செ.மீ. உயரம் நிற்கும். அதே பொடி 10 செ.மீ. விட்டமுள்ளதில் 7 மி.மீ.தான். வெந்நீர் அந்த மெல்லிய படுகையை நனைத்த கையோடு கீழே ஓடிவிடும். பொடியில் பாதிச் சாரம் அப்படியே தங்கிவிடும். ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. வரை உயரம் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணி. மிகவும் கூடினால் இறங்கவே இறங்காது, அடியில் கசப்பு சேரும்.

செட்டிநாட்டு வீடுகளின் நடப்பு என்ன? வருஷத்தில் பதினொரு மாதம் முகப்பு முதல் அடுப்படி வரை அவ்வளவு பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும். பொங்கல், கோயில் திருவிழா, ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றது) என்று வந்தால் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் காபிக்கு வளவில், அதாவது உள்முற்றத்தில், உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுக்கும் பொருந்துகிற ஒற்றை ஃபில்டர் கிடையாது. மூன்று டம்ளர் அளவில் ஒன்று, பத்துப் பன்னிரண்டு டம்ளர் அளவில் ஒன்று என்று இரண்டாக வாங்குங்கள். சிறியது 400, பெரியது 900. ஆக 1,300 ரூபாய். இந்தக் கட்டுரையில் தயக்கமில்லாமல் நாங்கள் சிபாரிசு செய்யும் செலவு இதுதான். கல்யாணம் போன்ற பெரிய விசேஷத்துக்குச் சமையல்காரர்கள் தங்கள் ஏற்பாட்டோடு வந்துவிடுவார்கள். அதற்காக நீங்கள் எதையும் வாங்கி வைக்க வேண்டாம்.

கடையில் எவர்சில்வர் ஃபில்டரைக் கையில் எடுத்ததும் காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒட்டினால் மட்டத் தகடு என்று சொல்லலாம். ஒட்டவில்லை என்பதால் அது உயர்ந்த எவர்சில்வரான 304 தரம் என்று சொல்ல முடியாது. விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. அதனால் காந்தத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். துளைகள் எல்லாம் ஒரே அளவில், அரை மி.மீ.யை ஒட்டி, ஓரம் வரை சீராக இருக்க வேண்டும். நடுவில் கூட்டமாகவும் ஓரத்தில் வெறுமையாகவும் இருந்தால் ஓரத்துப் பொடி சரியாக ஊறாது. அடுத்து விரலால் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். பிசிறு குத்தினால் துளையடித்த பிறகு தேய்த்து முடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பிசிறில்தான் எண்ணெய்ப் பிசுக்கும் தூளும் பிடித்துத் துளை அடைபடும்.

மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தில் பொருத்தித் திருகிப் பாருங்கள். ஆடக் கூடாது, ஆனால் 'டப்'பென்று கவ்விப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. டிகாஷன் சொட்டச் சொட்டக் கீழே இருக்கும் காற்று வெளியேற இடம் வேண்டும். பொருத்தம் மிக இறுக்கமாக இருந்தால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு சொட்டு நின்றுவிடும். அமுக்குத் தட்டின் குச்சிக்குப் பிளாஸ்டிக் குமிழ் வைத்ததை வாங்காதீர்கள். வெந்நீர் ஆவியில் இரண்டு வருஷத்தில் கழன்று கையோடு வந்துவிடும்.

வாங்கியாயிற்று. மூன்று டம்ளருக்கு முறை இது. ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டி, ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். 20 கிராம் பொடி, குவித்த கரண்டியில் மூன்று. பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் பொடி சமமாகும். அமுக்குத் தட்டை வைத்து, விரலின் கனம் மட்டும் படுகிற மாதிரி அழுத்துங்கள். உள்ளங்கை போட்டு அமுக்க வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விடுங்கள். முதலில் 30 மி.லி. மட்டும் தட்டின் மேல் வட்டமாக ஊற்றுங்கள். பொடி உப்பி, முறுமுறுவென்று நுரைத்து, வாசனை எழும். அப்படி உப்பாவிட்டால் பொடி பழசு. அரை நிமிஷம் கழித்து மீதி 110 மி.லி.யை ஊற்றி மூடுங்கள். 15 முதல் 20 நிமிஷத்தில் இறங்கி முடியும். ஊற்றிய 140இல் 40, 45 மி.லி.யைப் பொடியே குடித்துவிடும். கீழே 95 முதல் 100 மி.லி. நிற்கும்.

ஐந்தே நிமிஷத்தில் இறங்கிவிட்டால் பொடி கொரகொரப்பு, அல்லது படுகை மெல்லியது, அல்லது தட்டு பொடியில் படவே இல்லை. 40 நிமிஷம் ஆகியும் மேலே தண்ணீர் நின்றால் நாலு காரணம் இருக்கலாம்: பொடி மாவாக அரைந்திருக்கிறது, சிக்கரி கூடிவிட்டது, அமுக்கியது அதிகம், துளை அடைப்பு. ஐந்தாவது, முன்பு சொன்ன காற்றடைப்பு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்குங்கள். உடனே சொட்டு மளமளவென்று விழுந்தால் காற்றுதான். கொஞ்சம் சாய்த்து வைத்தால் போதும். தூக்கியும் விழவில்லை என்றால் குற்றம் பொடியிலோ துளையிலோ.

சூடு ஆறிய டிகாஷனை நேரே அடுப்பில் ஏற்றினால் கடுத்துப்போகும். கீழ்ப் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கி வைத்தால் போதும்.

இனிப் பித்தளைக்கு வருவோம். செட்டிநாட்டில் இதைக் கடையில் புதிதாக வாங்குவதைவிட, கல்யாணச் சாமானில் வந்ததைப் பெட்டகத்திலிருந்து எடுப்பதும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடுவதுமே அதிகம். புதிதென்றால் 1,200 முதல் 2,500 ரூபாய். ருசி கூடுமா? சூடு கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லப்படும் பெருமையெல்லாம் பார்வைக்கும் பழக்கத்துக்கும் உரியவை. அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்குப் பராமரிப்புச் செலவு உண்டு.

பழைய பித்தளை ஃபில்டரைப் பார்க்கும்போது முதலில் உள்பக்கம் பாருங்கள். டிகாஷன் புளிப்புத் தன்மையுள்ளது; வெறும் பித்தளையில் மணிக்கணக்கில் நின்றால் உலோக வாடை ஏறும், களிம்பு பிடிக்கும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசியிருப்பார்கள். சாம்பல் கலந்த வெள்ளை நிறம் சீராக இருந்தால் பூச்சு இருக்கிறது. இடையிடையே மஞ்சள் தெரிந்தால் தேய்ந்துவிட்டது. பச்சை தெரிந்தால் துலக்கிவிட்டு உடனே பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். பூச்சுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

பூசுபவரிடம் 'ஈயம்' என்று மட்டும் சொன்னால் போதாது. வெள்ளீயமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காரீயம் வேறு, அது உடம்புக்கு நஞ்சு. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டதால் வரும் ஆபத்து இது. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் வழித்துப் பூசுவார்கள். வேலை முடிந்து வாங்கும்போது அங்கேயே மேல் பாத்திரத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உருகிய ஈயம் துளைகளில் இறங்கி அடைத்திருக்கும்; பூச்சுக்குக் கொடுத்த ஃபில்டர் அதற்கப்புறம் 'சரியாக இறங்குவதில்லை' என்று மூலைக்குப் போவதற்கு இதுதான் காரணம். மெல்லிய ஊசியால் அங்கேயே குத்தித் திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று முறை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.

பழம்பொருள் கடையில் வாங்கினால் இன்னொரு சங்கதி. மேலும் கீழும் ஒரே ஜோடிதானா? வேறு வேறு வீட்டுச் சாமான்களைச் சேர்த்து ஜோடியாக்கி விற்பதுண்டு. இரண்டிலும் விலாச எழுத்து ஒன்றாக இருந்தால் நம்பலாம். அடித்தட்டைப் பற்றவைத்த இடத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் மெழுகின மாதிரிப் பற்று தெரிந்தால், அதில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், காபிக்கு வேண்டாம். பழைய ஃபில்டர்கள் பெரும்பாலும் கூட்டுக் குடும்பத்து அளவு என்பதையும் மறக்கக் கூடாது. பன்னிரண்டு டம்ளர் ஃபில்டரில் இரண்டு பேருக்குப் போட்டால் மேலே சொன்ன 7 மி.மீ. கதைதான்.

மின்சார டிகாஷன் மேக்கர் 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தண்ணீரை ஊற்றிப் பொடியைப் போட்டுப் பொத்தானைத் தட்டினால் கண்ணாடிக் குடுவையில் டிகாஷன். 600 வாட் வரைதான் இழுக்கும். பழைய வீட்டுப் பிளக்கே தாங்கும். கை நடுங்கும் வயதில் கொதிநீர் ஊற்ற வேண்டாம் என்பது இதன் உண்மையான லாபம். அந்த ஒரு காரணத்துக்காக வாங்கினால் பணம் வீணில்லை. குறைகளும் தெரிந்திருக்கட்டும். ஃபில்டரில் 15 நிமிஷம் ஊறி இறங்குவது இதில் ஐந்தாறு நிமிஷத்தில் ஓடிவிடும். அதே திடம் வர வேண்டுமென்றால் நாலில் ஒரு பங்கு பொடி கூட வேண்டும். குறைந்த அளவு போட்டால் சரிவராது. நாலு டம்ளருக்குக் கீழே இதை ஓட்ட வேண்டாம். குடுவையைச் சூட்டுத் தட்டிலேயே அரை மணி விட்டால் கருகிய கசப்பு வரும். இறங்கியதும் ஃபிளாஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடிக் குடுவை உடைந்தால் மாற்றுக் குடுவை தனியாகக் கிடைக்குமா என்று வாங்குமுன் கேளுங்கள். கிடைக்காத மாடலை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

மோக்கா பாட், 1933இல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பட்டறையில் பிறந்தது. அடியில் தண்ணீர், நடுவில் பொடி, ஆவி அழுத்தத்தில் டிகாஷன் மேலே ஏறும். பால் கலந்தாலும் நிற்கும் திடம், ஐந்து நிமிஷ வேலை. சரியான சாதனம்தான், ஒரு நிபந்தனையோடு: சிக்கரி கலந்த நம் ஊர்ப் பொடியைப் போடாதீர்கள். சிக்கரி தண்ணீர் பட்டதும் பசை மாதிரி ஊறும். வலை அடைபட்டால் அழுத்தம் போக வழியில்லாமல் பக்கவாட்டு வால்வு சீறும். சிக்கரி இல்லாத, ஃபில்டர் பொடியைவிட ஒரு பிடி கொரகொரப்பான தூள் வேண்டும். கூடையில் தளர நிரப்ப வேண்டும், அமுக்கக் கூடாது. அலுமினிய மாடல் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. மூன்று கப் அளவு நம் கேஸ் அடுப்பின் தாங்கிக் கம்பிகளுக்கு இடையில் சரிந்துவிடும். மேலே வைக்க ஒரு சிறு கம்பித் தட்டு வாங்க வேண்டும். வாங்கும்போதே ரப்பர் வாஷர் இரண்டு உதிரியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சு பிரஸ், அதாவது குடுவையில் தூளை ஊறவைத்து வலைத் தட்டால் அமுக்கும் சாதனம், பால் காபிக்கு ஆகாது, தண்ணியாக இருக்கும். கானாடுகாத்தான் பக்கம் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் தங்கக் கொடுப்பவர்கள் மட்டும் ஒன்று வைத்திருக்கலாம். கறுப்புக் காபி கேட்கும் வெளிநாட்டுக்காரருக்கு 1,500 ரூபாயில் பதில் அதுதான். 2005இல் வந்த ஏரோபிரஸ், கையால் அழுத்திக் காபி இறக்கும் குழாய், தனி ஆளுக்கு அருமையானது. நாலு டம்ளருக்கு நாலு தடவை அழுத்தத் தயாராக இருக்க வேண்டும்.

இப்போது மெஷின். எஸ்பிரஸோ என்பது 9 பார் அழுத்தத்தில் அரை நிமிஷத்துக்குள் பிழிந்தெடுக்கும் காபி. பெட்டியில் '15 பார்' என்றோ '20 பார்' என்றோ கொட்டையாக அச்சிட்டிருப்பது பம்ப் தள்ளக்கூடிய உச்சம். அதிகம் இருந்தால் காபி நன்றாக வரும் என்பதெல்லாம் இல்லை. 8,000 முதல் 25,000 ரூபாய் வரையுள்ளவற்றில் இரட்டை அடித்தட்டு வைத்த கூடை வரும். ஒரே ஒரு ஊசித் துளை வழியாகப் பீச்சி நுரையை உண்டாக்குவது அதன் வேலை. பார்க்க எஸ்பிரஸோ, நாக்குக்குத் தெரிந்துவிடும். உண்மையான எஸ்பிரஸோவுக்கு ஒற்றைத் தட்டுக் கூடையும், தூளை நூலிழை அளவில் கூட்டிக் குறைக்கக்கூடிய அரவை மெஷினும் வேண்டும். அது இன்னொரு 15,000, 20,000 ரூபாய். மெஷின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் மாட்டுவது இங்கேதான். கடைசியில் கணக்கு 40,000இல் வந்து நிற்கும்.

டம்ளர் கணக்கில் பார்ப்போம். 40,000 ரூபாய் மெஷின் ஐந்து வருஷம் உழைத்து, நாளுக்கு 8 டம்ளர் போட்டால் 14,600 டம்ளர். ஒன்றுக்கு 2 ரூபாய் 74 காசு. ரொம்பவும் நியாயம். ஆனால் வாங்கிய மூன்றாம் மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சாமானாகி வாரத்துக்கு இரண்டு கப் என்று சுருங்கினால், ஐந்து வருஷத்தில் 520 கப். ஒன்றுக்கு 77 ரூபாய், பாலும் பொடியும் சேர்க்காமல். எந்தக் கணக்கில் நம் வீடு விழும் என்பதை வாங்கும் முன்பே நேர்மையாக யோசிக்க வேண்டும். காலை ஐந்தரை மணிக்கு அரைத்து, எடை போட்டு, அமுக்கி, ஆவியில் பால் நுரைத்து, ஆவிக் குழாயைத் துடைத்து, தட்டைக் கழுவும் வேலையை விரும்பிச் செய்யும் ஒருவர் வீட்டில் இருந்தால் வாங்குங்கள். அது ஒரு பொழுதுபோக்கு. அந்தச் செலவைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதினால் நெஞ்சு உறுத்தாது. சிக்கரி மணக்கும் டிகாஷன் காபிதான் காபி என்று இருப்பவர் வீட்டில் அது நிச்சயம் துணி போர்த்தித்தான் நிற்கும்.

நம் பக்கத்து வீடுகளில் இதற்கு இரண்டு தடைகள் கூடுதல். ஒன்று வயரிங். மெஷின்கள் 1,350, 1,450 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியரை ஒட்டி. பழைய வீட்டு அடுப்படியில் இருப்பது பெரும்பாலும் 5 ஆம்பியர்ப் பிளக். அதில் மாற்றுச் சொருகி போட்டு ஓட்டினால் சொருகி உருகும். 16 ஆம்பியர்ப் பிளக்குக்குத் தனி ஒயர் இழுக்கும் கூலியையும் மெஷின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று தண்ணீர். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குக் காரைக்குடியில் இருக்கும் பெயர் ஊரறிந்தது. ஆனால் எல்லார் வீட்டுக் குழாயிலும் அது வராது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு இருந்தால் மெஷினின் கொதிகலத்தில் வெள்ளையாகப் படிந்து நாலைந்து மாதத்தில் ஓட்டம் குறையும். ஆர்.ஓ. தண்ணீர் மெஷினுக்கு நல்லது, காபிக்குச் சப்பென்று இருக்கும். இரண்டையும் பாதிப் பாதி கலப்பது நடைமுறையில் சரிவருகிறது. பழுதென்றால் பல கம்பெனிகளுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதையும் வாங்குமுன் கேட்டு வையுங்கள்.

சரி, கையில் பணம் இருக்கிறது, காபியை உயர்த்த வேண்டும் என்றால் எங்கே போடுவது? பொடியில். பாக்கெட்டைத் திருப்பி விகிதத்தைப் படியுங்கள். விதிப்படி கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, விகிதத்தை அச்சிட்டும் இருக்க வேண்டும். சிக்கரிக்கு நீரில் கரையும் தன்மை காபியைவிட மிக அதிகம், விலையும் குறைவு. அதனால் டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் தெரியும். கறுப்பைப் பார்த்துத் திடம் என்று ஏமாறக் கூடாது. பால் காபிக்கு 80க்கு 20 எங்கள் தேர்வு. 60க்கு 40 என்றால் பாதி விலையில் தர வேண்டும், யாரும் தருவதில்லை. வறுத்து அரைத்துத் தரும் கடையாக இருந்தால் சிக்கரியைத் தனியாக வாங்கி வீட்டில் கலந்துகொள்ளுங்கள். விகிதம் உங்கள் கையில் இருக்கும். அரைத்த பொடி பத்து நாளுக்கு மேல் மணம் தாங்காது. அதனால் கிலோவாக வாங்காமல், பத்து நாள் செலவைக் கணக்கிட்டு வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், திறந்து மூடும்போது ஈரம் இழுக்கும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா, அடுப்புக்குத் தள்ளி.

கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பது உண்மையிலேயே ஒரு படி மேலே கொண்டுபோகும். பற்சக்கரம் வைத்த கை அரவை 3,000 முதல் 8,000 ரூபாய். 20 கிராம் அரைக்க ஒன்றரை, இரண்டு நிமிஷம். இரண்டு பேர் வீட்டுக்குச் சரி. நாளுக்கு 53 கிராம் என்றால் கை சலித்துவிடும். மிக்ஸி இருக்கிறதே என்பவர்களுக்கு: மிக்ஸி அரைப்பதில்லை, வெட்டுகிறது. பாதி மாவு, பாதி குறுணை. மாவு துளையை அடைக்கும், குறுணை சாரம் விடாது. வேறு வழியில்லை என்றால் சின்ன ஜாரில் மூன்று விநாடி ஓட்டி, நிறுத்தி, குலுக்கி, ஐந்தாறு தரம் செய்து, மெல்லிய சல்லடையில் குறுணையை நீக்குங்கள். கை அரவைக்கும் முன்னால் வாங்க வேண்டியது 400 ரூபாய் டிஜிட்டல் தராசு. 'இன்றைக்கு ஏன் நன்றாக இல்லை' என்ற பாதிக் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறது. பாலில் ஆவின் பச்சைப் பாக்கெட்டின் 4.5 விழுக்காடு கொழுப்பு டிகாஷன் காபிக்குப் பொருத்தம். நீலத்தில் 3தான், கொஞ்சம் இளைத்துத் தெரியும்.

ஃபில்டர் துளை மெல்ல மெல்ல அடைபடுவது இயல்பு. எவர்சில்வர் மேல் பாத்திரத்தை மாதம் ஒரு முறை கேஸ் தணலில் கவிழ்த்துக் காட்டினால் பிடித்திருக்கும் பிசுக்கு எரிந்து உதிரும். ஆறிய பிறகு தட்டிக் கழுவினால் துளையெல்லாம் திறந்திருக்கும். இதே வித்தையைப் பித்தளையிடம் காட்டிவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். பூச்சு வழிந்து போய்விடும். பித்தளைக்குச் சோடா உப்புப் போட்ட வெந்நீர் உள்ளே, புளி வெளியே மட்டும்.

மெஷினை ஏற்கெனவே வாங்கி மூலையில் நிறுத்திவிட்டவர்கள் விற்க அவசரப்பட வேண்டாம். டிகாஷனை ஃபில்டரில் போட்டு, பாலை மட்டும் மெஷினின் ஆவிக் குழாயில் சூடாக்கலாம். அந்த வேலையை அது நன்றாகவே செய்யும். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று மாதம் வெளியூர் போகிறீர்களா? தொட்டித் தண்ணீரைக் கொட்டி, பம்ப் காற்று இழுக்கும் வரை ஓட்டிக் காலி செய்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஓட்டிக் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அந்தக் கரைசல் ஆத்தங்குடிக் கல் தளத்தில் சிந்தாமல் அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். புளிப்பு பட்ட இடத்தில் சிமெண்ட் மேற்பரப்பு அரிபட்டு மெருகு போய்விடும், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் அந்தத் தடம் போகாது.